ஒரே வகை, வேறு சாவி: பொருள் மாறுதன்மையை மாதிரியாக்கும் முறைகளும் திண்டுக்கல்லின் இரு தொழில்களும்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு தொழிற்சாலை ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பல பொருள்களை உருவாக்கும்போது, அவற்றுக்கிடையே உள்ள ஒப்புமைகளையும் வேறுபாடுகளையும் முறைப்படுத்திக் காட்டுவதற்குக் கூறு மாதிரி, முடிவு மாதிரி, செங்குத்து மாறுதன்மை மாதிரி, மாற்றுத்துண்டு மாதிரி, பொருள்-செயல்முறை-வளம் மாதிரி எனப் பல முறைகள் வழக்கில் உள்ளன. இவற்றை ஒப்பிடும் ஆய்வுகள் பெரும்பாலும் குறியீட்டு வடிவத்தையும் வெளிப்பாட்டுத் திறனையும் அளவுகோலாகக் கொள்கின்றன. திண்டுக்கல் நகரின் பூட்டுத் தொழிலையும், அந்நகரைச் சூழ்ந்த சமவெளியின் நூற்பாலைத் தொழிலையும் சான்றாக வைத்து நோக்கும்போது, அவ்வளவுகோல்கள் இரண்டு அடிப்படை வினாக்களைத் தவறவிடுவதை இக்கட்டுரை சுட்டிக்காட்டுகிறது.

திறவுச்சொற்கள்: மாறுதன்மை, கூறு மாதிரி, முடிவு மாதிரி, திண்டுக்கல் பூட்டு, லீவர், நூற்பாலை, நூல் எண், செயல்முறை.

முன்னுரை

திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு 2019ஆம் ஆண்டு வழங்கப்பட்டது. அதனையொட்டி வெளிவந்த செய்திகளும் விளக்கங்களும் ஏறத்தாழ ஐம்பதுக்கும் மேற்பட்ட பூட்டு வகைகள் அங்குச் செய்யப்படுவதாகக் குறிப்பிட்டன. மாங்காய்ப் பூட்டு, சதுரப் பூட்டு, பெட்டிப் பூட்டு, கதவுப் பூட்டு, மணிப்பூட்டு என அப்பட்டியல் நீளும். ஒரு கைத்தொழிலின் வளத்தை வகைகளின் எண்ணிக்கையால் காட்டும் இவ்வழக்கம் பூட்டுக்கு மட்டும் உரியதன்று. சேலைக்கும் பாத்திரத்துக்கும் பலகாரத்துக்கும் இதுவே செய்யப்படுகிறது. பட்டியல் பயனுடையதுதான். ஆயின், ஒரு தொழில் எவ்வாறு பல பொருள்களைப் படைக்கிறது என்னும் வினாவுக்குப் பட்டியல் விடையாகாது. ஐம்பது வகை என்பது கிளைத்து விரிந்த ஒரு மரத்தின் இலைகளை எண்ணிச் சொல்வது. கிளை எங்கே பிரிந்தது, ஏன் பிரிந்தது, யார் பிரித்தார் என்பவை அவ்வெண்ணில் இல்லை.

இக்குறையை நீக்கவல்லதாகக் கருதப்படுவது மாறுதன்மை மாதிரியாக்கம். மென்பொருள் பொறியியலில் வளர்ந்து இயந்திர உற்பத்தி அமைப்புகளுக்குப் பரவிய இத்துறையில் கடந்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பல முறைகள் முன்வைக்கப்பட்டு, ஒன்றோடொன்று ஒப்பிடவும் பட்டுள்ளன. அவ்வொப்பீடுகள் எடுத்துக்கொள்ளும் சான்றுகள் கார், மின்தூக்கி, எஃகு ஆலை, கணினி போன்றவை. நூறு சதுர அடிப் பட்டறையில் அரமும் சுத்தியலும் கொண்டு செய்யப்படும் பொருள் அச்சான்றுகளில் இடம்பெறுவதில்லை. பட்டறைக்கு நீதி கிடைக்கவேண்டும் என்பதற்காக மட்டும் அதனை இங்கு எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய ஆலைகளில் மறைந்து கிடக்கும் ஓர் எடுகோள் பட்டறையில் வெளிப்படையாகத் தெரிகிறது என்பதே காரணம்.

மாறுதன்மை என்னும் சொல்

தமிழில் ‘மாறுபாடு’ என்னும் சொல் இரு பொருள்களைச் சுமக்கிறது. திட்டமிட்டு உண்டாக்கப்படும் வேறுபாடு ஒன்று: சிவப்புக் கார், வெள்ளைக் கார். திட்டமிடாமல் நேரும் விலகல் மற்றொன்று: பத்து மில்லிமீட்டர் இருக்கவேண்டிய துளை 10.05 மில்லிமீட்டராக அமைந்துவிடுவது. முன்னது வடிவமைப்பாளரின் கவலை. பின்னது தரக் கட்டுப்பாட்டாளரின் கவலை. பின்னதைக் கணக்கிட 1924இல் வால்டர் ஷூஹார்ட் கட்டுப்பாட்டு வரைபடத்தை உருவாக்கியது முதல் அதற்கெனத் தனித்துறையே உண்டு. இக்கட்டுரை முன்னதை ‘மாறுதன்மை’ என்றும் பின்னதை ‘விலகல்’ என்றும் வழங்குகிறது. இரண்டும் வேறு வேறு என்பது நூல்களில் மிகத் தெளிவு. எல்லாத் தொழில்களிலும் அவ்வளவு தெளிவாக இருக்கின்றனவா என்பதைப் பூட்டுப் பற்றிய பகுதியில் காண்போம்.

வழக்கிலுள்ள முறைகள்

கூறு மாதிரி 1990இல் கியோ காங்கும் உடன் ஆய்வாளர்களும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் மென்பொருள் பொறியியல் நிறுவனத்தில் வெளியிட்ட அறிக்கையோடு தொடங்குவது. பொருள்குடும்பம் ஒரு மரமாக வரையப்படும். ஒவ்வொரு கணுவும் ஒரு கூறு. அது கட்டாயமானதாகவோ, விருப்பத்துக்கு உரியதாகவோ, பலவற்றுள் ஒன்றாகவோ அமையும். ஒரு கூறு மற்றொன்றை வேண்டும், ஒரு கூறு மற்றொன்றை விலக்கும் என்னும் குறுக்கு விதிகளும் உண்டு. மரத்திலிருந்து விதிக்கு உட்பட்டுத் தேர்ந்தெடுக்கப்படும் ஒவ்வொரு கூறுத் தொகுதியும் ஒரு பொருள்.

முடிவு மாதிரியும் அதே காலப்பகுதியில், அமெரிக்க விண்வெளி மற்றும் பாதுகாப்பு நிறுவனங்களின் மென்பொருள் கூட்டமைப்பு ஒன்றில் வேறொரு நோக்கோடு உருவானது. அது பொருளை வருணிக்க முயல்வதில்லை. பொருளைப் பெறுவதற்குக் கேட்கவேண்டிய வினாக்களை வரிசைப்படுத்துகிறது. ஒரு வினாவுக்கு அளிக்கும் விடை அடுத்த வினாவைத் திறக்கும் அல்லது மூடும். எல்லாப் பொருள்களுக்கும் பொதுவானவை குறித்து அதற்கு அக்கறை இல்லை.

செங்குத்து மாறுதன்மை மாதிரி போல், போக்லே, வான் டெர் லிண்டன் மூவரும் 2005இல் எழுதிய நூலால் பரவலானது. மாறும் இடத்தையும் அங்கு வரக்கூடிய மாற்றுகளையும் மட்டும் தனியே எடுத்து, வரைபடம், நிரல், சோதனை ஆகிய எல்லா ஆவணங்களோடும் இணைப்பது அதன் இயல்பு. மாற்றுத்துண்டு மாதிரி 2010 அளவில் இனா ஷேஃபரும் பிறரும் வளர்த்தது. ஓர் அடிப்படைப் பொருளை வைத்துக்கொண்டு, ‘இதைச் சேர், அதை நீக்கு, இதனை மாற்று’ என்னும் துண்டுகளால் ஏனையவற்றைப் பெறுவது. உற்பத்தித் துறையிலிருந்தே எழுந்தவையும் உள்ளன. ஹெக்கேயும் வோர்ட்மனும் 1991இல் முன்வைத்த பொதுமைப் பொருட்பட்டியல் அவற்றுள் ஒன்று. பொருள், செயல்முறை, வளம் ஆகிய மூன்றையும் சேர்த்து வரையும் முறை மற்றொன்று. ஜெர்மானியப் பொறியாளர் சங்கத்தின் 3682ஆம் எண் நெறிமுறை இதற்கு ஒரு முறையான குறியீட்டை அளித்துள்ளது.

இவற்றுள் கூறு மாதிரியையும் முடிவு மாதிரியையும் எதிரெதிரே வைத்துச் சார்நெட்ஸ்கி, குரூன்பாகர், ரபைசர், ஷ்மித், வசோவ்ஸ்கி ஐவரும் 2012இல் வெளியிட்ட ஒப்பீடு பெரிதும் எடுத்தாளப்படுவது. இரண்டுக்கும் இடையிலான வேற்றுமைகளிற் பல வரலாற்று வழிப்பட்டவை. காலப்போக்கில் இரண்டும் ஒன்றை ஒன்று நெருங்கிவந்துள்ளன. கூறு மாதிரி பொதுமையையும் காட்டுகிறது, முடிவு மாதிரி மாறுதன்மையை மட்டும் காட்டுகிறது என்பதே எஞ்சும் முதன்மையான வேறுபாடு என்பது அவ்வொப்பீட்டின் போக்கு. மென்பொருளைப் பொறுத்தவரை இம்முடிவை மறுப்பது கடினம். மென்பொருளில் தேர்வு முடிந்த கணமே பொருள் ஏறத்தாழக் கிடைத்துவிடுகிறது. ஒரே தேர்வை ஆயிரம் முறை செய்தாலும் ஒரே பொருளே கிடைக்கும். இரும்பிலும் பஞ்சிலும் அப்படி நிகழ்வதில்லை.

பூட்டு: வகைக்குள் வேறுபாடு

லீவர் பூட்டின் அமைப்பு எளியது. பூட்டினுள் தகட்டு லீவர்கள் அடுக்கடுக்காக ஓர் அச்சில் பொருத்தப்பட்டு, வில்லால் கீழ்நோக்கி அழுத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு லீவரிலும் ஒரு வெட்டுவாய் உண்டு. சாவியின் பற்கள் ஒவ்வொரு லீவரையும் அதற்குரிய உயரத்துக்குத் தூக்கும்போது எல்லா வெட்டுவாய்களும் ஒரே நேர்கோட்டில் வரும். அப்போதுதான் தாழ்நாக்கின் முளை அவற்றினூடே நுழைந்து நகரும். ஒரு லீவர் குறைவாக எழுந்தாலும் மிகையாக எழுந்தாலும் பூட்டுத் திறவாது. மிகையாக எழுவதும் தடுக்கப்படவேண்டும் என்னும் இக்கருத்து 1778இல் இங்கிலாந்தில் ராபர்ட் பேரன் பெற்ற காப்புரிமையில் இடம்பெற்றது. திண்டுக்கல் பட்டறைகள் இந்நெறியை இரும்புத் தகட்டிலும் பித்தளையிலும் கையால் செய்து பெயர்பெற்றன.

இப்பொருள்குடும்பத்துக்குக் கூறு மாதிரி வரைவது எளிது. உடல், தாழ், லீவர் தொகுதி, சாவி ஆகியவை கட்டாயக் கூறுகள். மணி விருப்பக் கூறு. உடலின் வடிவம் மாங்காய், சதுரம் முதலியவற்றுள் ஒன்று. மணி இருந்தால் சாவி சுழலும்போது அதனைத் தட்டும் உறுப்பும் வேண்டும் என்னும் குறுக்கு விதியைச் சேர்த்தால் ஐம்பது வகையும் ஒரே தாளில் அடங்கிவிடும். கைத்தொழில் ஆவணப்படுத்தலில் ஈடுபடும் ஒருவர் இதனோடு நிறைவடையக்கூடும். ஆனால் இங்கேதான் இடறல் தொடங்குகிறது.

கூறு மாதிரியின் அடித்தளம் இது: இரண்டு பொருள்களின் கூறுத்தேர்வு ஒன்றேயானால் அப்பொருள்கள் ஒன்றே. காருக்கு இது பொருந்தும். ஒரே நிறமும் ஒரே எஞ்சினும் கொண்ட இரு கார்களுள் எது கிடைத்தாலும் வாங்குவோருக்குக் கவலையில்லை. பூட்டில் இது தலைகீழாகிறது. ஒரே வகை, ஒரே அளவு, ஒரே லீவர் எண்ணிக்கை கொண்ட இரு மாங்காய்ப் பூட்டுகள் ஒன்றாக இருந்துவிட்டால் அவை பூட்டுகளே அல்ல. அண்டை வீட்டுச் சாவி இந்த வீட்டைத் திறக்கும். வகையால் ஒத்திருந்தும் தனித்தனியே வேறுபட்டிருத்தலே அப்பொருளின் பயன்பாடு. எனவே மாறுதன்மை இரண்டு தளங்களில் இயங்குகிறது: வகைக்கும் வகைக்கும் இடையில் ஒன்று, ஒரே வகையின் ஒவ்வொரு பூட்டுக்கும் இடையில் மற்றொன்று. ஐம்பது என்னும் எண் முதல் தளத்தை மட்டுமே எண்ணுகிறது.

இரண்டாம் தளத்தைக் கணக்கிட்டுப் பார்ப்பது பயனுடையது. ஐந்து லீவர்கள், ஒவ்வொன்றுக்கும் ஆறு உயரங்கள் எனக் கொண்டால் 6×6×6×6×6, அதாவது 7,776 வேறுபட்ட சாவிகள் கோட்பாட்டளவில் கிடைக்கும். எல்லாப் பற்களும் ஒரே உயரமாக அமையும் ஆறு சாவிகளையும், அடுத்தடுத்த பற்களின் உயரம் மிகவும் ஏறி இறங்கி வலுவிழக்கும் சாவிகளையும் விலக்கவேண்டும். இது தொங்குபூட்டின் கணக்கு. சாவி ஒரு புறத்திலிருந்து மட்டுமே நுழைகிறது. கதவில் பதிக்கும் பூட்டை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் அதே சாவியால் திறக்கவேண்டுமெனில் நிலைமை மாறுகிறது. மறுபுறத்திலிருந்து நுழையும்போது சாவியின் பற்கள் வரிசை மாறி லீவர்களைச் சந்திக்கும். ஆகவே முதற் பல்லும் ஐந்தாம் பல்லும் ஒத்திருக்கவேண்டும். இரண்டாம் பல்லும் நான்காம் பல்லும் ஒத்திருக்கவேண்டும். தன்னுரிமையோடு எஞ்சுபவை மூன்று இடங்களே. 6×6×6 என 216 சாவிகள்தாம் கிடைக்கும். இன்னும் வியப்பானது, ஆறாவது லீவர் ஒன்றைச் சேர்த்தாலும் எண்ணிக்கை அதே 216தான். சமச்சீர்மை அதனை விழுங்கிவிடுகிறது. லீவர் கூடினால் பாதுகாப்புக் கூடும் என்னும் விற்பனைச் சொல்லுக்கு இக்கணக்கு ஓர் எல்லை வகுக்கிறது.

இவ்விதியைக் கூறு மாதிரியின் மரத்தில் எங்கு எழுதுவது? ‘இருபுறத் திறப்பு’ என்னும் கூறு எந்தக் கூறையும் வேண்டவும் இல்லை, விலக்கவும் இல்லை. அது பற்களின் மதிப்புகளுக்கிடையே ஒரு சமன்பாட்டை விதிக்கிறது. பண்புகளோடு கூடிய விரிவாக்கப்பட்ட கூறு மாதிரிகள் இதனைச் சமன்பாடாக ஏற்கும் என்பது உண்மை. ஆயினும் அவ்வாறு ஏற்றபின் படம் படமாக இருப்பதில்லை. மரம் ஓரத்தில் நிற்க, பொருளின் உயிர்நிலை முழுவதும் விதிகளுக்குள் சென்றுவிடுகிறது. முடிவு மாதிரி இங்குச் சற்று மேலானது. ‘பூட்டு எங்கே இடப்படும்? இருபுறமும் திறக்கவேண்டுமா? எத்தனை சாவி?’ என்னும் வினா வரிசையில் இரண்டாம் வினாவின் விடையே லீவர் பற்றிய பின்வினாக்களைக் குறுக்கிவிடும். மரத்தில் இரண்டு கணுக்கள் சமமாக நிற்கின்றன. வினா வரிசையில் ஒன்று மற்றொன்றுக்கு முந்துகிறது. இந்த முந்துநிலையே தொழிலறிவு. ‘வேற்றுமைகள் வரலாற்று வழிப்பட்டவை’ என்னும் முடிவு இதனைப் போதிய அளவு எடைபோடவில்லை.

அரமும் அட்டவணையும்

இதுவரை கூறியவை பொருளைப் பற்றியவை. அப்பொருள் எப்போது வேறுபடுகிறது என்பது அடுத்த வினா. ஒரு தொழிற்சாலை லீவர் பூட்டைச் செய்யும்போது, ஆறு உயரங்களுக்குரிய ஆறு வகை லீவர்களை முன்னரே அச்சில் வெட்டித் தனித்தனிப் பெட்டிகளில் இட்டுவைக்கலாம். சாவியின் எண் 3-1-5-2-6 எனில், பொருத்துபவர் அப்பெட்டிகளிலிருந்து முறையே எடுத்து அடுக்குவார். வேறுபாடு தாளிலேயே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. பொருத்துதல் அதனைப் பின்பற்றுகிறது. கையால் செய்யும் முறையில் இதற்கு நேர்மாறான வழி உண்டு. சாவியின் பற்களை முதலில் அராவி, அச்சாவியை நுழைத்து, அது தூக்கும் நிலையில் ஒவ்வொரு லீவரிலும் வெட்டுவாய்க்கான இடத்தைக் குறித்து வெட்டலாம். அப்போது ஆறு உயரங்கள் என்னும் படிநிலையே தேவையில்லை. அரம் நின்ற இடமே உயரம். 7,776 என்னும் கணக்கும் பொருளற்றதாகிவிடுகிறது. கைக்கும் கண்ணுக்கும் எட்டும் நுண்மையே எல்லை.

முற்பகுதியில் பிரித்துவைத்த இரு சொற்கள் இங்கே ஒன்றோடொன்று கலக்கின்றன. அட்டவணை முறையில், மூன்றாம் எண் லீவர் கால் மில்லிமீட்டர் பிசகினால் அது விலகல், கழிக்கப்படவேண்டிய குறை. அரமுறையில் சாவியின் பல் கால் மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்ந்தால், லீவரும் அதற்கேற்ப வெட்டப்படுமாதலின், அது குறையன்று. அப்பூட்டை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்தும் மாறுதன்மையாகவே அமைகிறது. விலகல் பயனாக மாறும் உற்பத்தி முறை இது. தரக் கட்டுப்பாட்டு நூல்களின்படி பயிற்சி பெற்ற ஒருவர் இதனைச் சீரற்ற உற்பத்தி என மதிப்பிடக்கூடும். ‘கைவேலையில் சீர்மை இல்லை’ என்பது திண்டுக்கல் பூட்டைப் பற்றி மட்டுமன்றிப் பொதுவாகக் கைத்தொழில் பற்றியே சொல்லப்படும் குறைதான். எந்த இடத்தில் சீர்மை வேண்டும், எந்த இடத்தில் சீர்மை தீங்கு என்பதைப் பிரிக்காமல் சொல்லப்படும்வரை அக்குறை ஒரு மதிப்பீடு ஆகாது. தாழ்நாக்கின் நகர்ச்சியில் சீர்மை வேண்டும். பல்லின் உயரத்தில் வேண்டாம்.

ஒரே பொருளுக்கு இரு முறைகளும் ஒரே கூறு மாதிரியைத் தரும் என்பதையும் கவனிக்கவேண்டும். பொருளை மட்டும் நோக்கும் மாதிரிக்கு அச்சும் அரமும் ஒன்றே. செங்குத்து மாறுதன்மை மாதிரி மாறும் இடத்தைத் தனியே எடுத்துக் காட்டுமாதலின் ‘பல்லின் உயரம்’ என்பதைக் குறிக்கும். அது எப்போது, எந்தக் கருவியால் நிலைபெறுகிறது என்று குறிக்க அதற்குத் தனியிடம் இல்லை. பொருள்-செயல்முறை-வளம் மாதிரி ஒன்றே, ‘சாவி அராவுதல்’ என்னும் செயலின் வெளிப்பாடு ‘வெட்டுவாய் அமைத்தல்’ என்னும் செயலின் உள்ளீடாக அமைவதை வரைந்து காட்டவல்லது. ஒரு பொருளே மற்றொரு பொருளுக்கு அளவுகோலாகும் இவ்வுறவை வரைந்தவுடன் இரண்டு முறைகளும் வேறு எனத் தெரிந்துவிடுகிறது.

மாற்றுத்துண்டு மாதிரியைப் பற்றி நீளப் பேசவேண்டியதில்லை. பழைய வகையிலிருந்து புதிய வகை எவ்வாறு பிறந்தது என்று சொல்ல அது ஏற்றது. மணிப்பூட்டு என்பது பூட்டோடு மணியைச் சேர் என்னும் ஒரு துண்டு. பூட்டு ஆசாரிகளின் புதுமைகள் அவ்வாறே தோன்றியிருத்தல் இயல்பு. ஆனால் எது அடிப்படைப் பொருள் என்பதை மாதிரி வரைபவரே முடிவுசெய்கிறார். மாங்காய்ப் பூட்டை அடிப்படையாகக் கொண்டால் திண்டுக்கல்லின் வரலாறு ஒருவிதமாகவும், பெட்டிப் பூட்டைக் கொண்டால் வேறுவிதமாகவும் தோன்றும்.

நூல்: வகைக்குள் ஒருமை

திண்டுக்கல் நகரிலிருந்து வேடசந்தூர் நோக்கிச் செல்லும் சமவெளியில் நூற்பாலைகள் நிறைந்துள்ளன. அவற்றின் பொருளும் பல்வகைப்பட்டது: 40ஆம் எண் நூல், 60ஆம் எண் நூல்; சீவிய நூல், சீவாத நூல்; பாவுக்குரியது, பின்னலாடைக்குரியது. கூறு மாதிரி வரைபவருக்கு இது பூட்டைப் போன்ற மற்றொரு மரம். ஆனால் இங்கு எதிர்பார்ப்பு முற்றிலும் எதிரானது. ஒரே எண்ணுள்ள இரண்டு கோன்கள் எவ்வகையிலும் வேறுபடக்கூடாது. 40ஆம் எண் நூற்கோன்களிடையே வேறு எண்ணுள்ள ஒரு கோன் கலந்துவிட்டால், துணி நெய்து சாயமிட்ட பின்னரே அது கோடாகத் தெரியும். இழப்பு நெசவாளரையும் தாண்டிச் செல்லும். கோன் முனைகளுக்கு எண்வாரியாக வெவ்வேறு நிறம் இடுவது இக்கலப்பைத் தடுக்கவே. 1957 முதல் வெளிவரும் உஸ்டர் புள்ளிவிவரங்களை ஆலைகள் ஒப்பளவாகக் கொள்வதும் விலகலைக் குறைக்கவே. பூட்டில் வரவேற்கப்பட்டது நூலில் குற்றம்.

வேறொரு வகையிலும் நூல் கூறு மாதிரியைச் சோதிக்கிறது. நூல் எண் என்பது தொடர்ச்சியான அளவு. அதனை மாற்றும்போது முறுக்கும் மாறவேண்டும். ஓர் அங்குலத்துக்கான முறுக்கு, முறுக்குக் காரணியை எண்ணின் வர்க்கமூலத்தால் பெருக்கக் கிடைப்பது. காரணி 4 எனக் கொண்டால் 40ஆம் எண்ணுக்கு ஏறத்தாழ 25.3 முறுக்குகள், 60ஆம் எண்ணுக்கு ஏறத்தாழ 31. கதிரின் வேகம் மாறாதிருக்க, முறுக்குக் கூடினால் நூல் வெளிவரும் நீளம் குறையும். எண் கூடினால் அந்நீளத்தின் எடையும் குறையும். கதிர் நிமிடத்துக்கு 18,000 சுற்று, செயல்திறன் 95 விழுக்காடு எனில், எட்டு மணி நேரத்தில் ஒரு கதிர் தருவது 40ஆம் எண்ணில் சுமார் 122 கிராம், 60ஆம் எண்ணில் சுமார் 66 கிராம். அதாவது மரத்தில் ஒரு கிளையிலிருந்து பக்கத்துக் கிளைக்குத் தாவியதன் விலை, ஆலையின் எடையளவிலான உற்பத்தி பாதியை நெருங்கிச் சரிவது. அதற்கேற்பப் பஞ்சு பிரிக்கும் பிரிவும் சிக்கெடுக்கும் பிரிவும் வேலை குறைந்து நிற்கும். முன்னூல் எண்ணையும் மாற்றவேண்டிவரலாம். பருத்தியின் இழைநீளமும் உயரவேண்டும்.

கூறு மாதிரி இம்மாற்றத்தைக் குற்றமற்றது என அனுமதிக்கும். ஏனெனில் 60ஆம் எண் நூல் ஏற்புடைய பொருளே. முடிவு மாதிரியும் அனுமதிக்கும். அனுமதிக்கத் தயங்குபவர் ஆலை மேலாளர். அவருடைய தயக்கத்தை மாதிரியில் காட்டவேண்டுமாயின் வளத்தையும் அளவையும் சேர்த்தே வரையவேண்டும். பூட்டு செயல்முறையின் வரிசையை வேண்டியது. நூல் வளத்தின் கொள்ளளவை வேண்டுகிறது. இரண்டும் பொருள்-செயல்முறை-வளம் மாதிரிக்கு ஆதரவாகத் தோன்றினும் அம்மாதிரிக்கும் குறையுண்டு: அது ஒரு பொருளின் உற்பத்தியை நன்கு வரையும், பொருள்குடும்பத்தை வரையும்போது ஒவ்வொரு வகைக்கும் ஒரு படம் எனப் பெருகிவிடும். அதனால்தான் அண்மைக்கால ஆய்வாளர்கள் அதனைக் கூறு மாதிரியோடு இணைக்க முயல்கின்றனர். அம்முயற்சி சரியான திசையிலேயே செல்கிறது. ஆனால் இணைப்பின் பாலத்தில் ‘ஒரே தேர்வு, ஒரே பொருள்’ என்னும் பழைய எடுகோளும் சேர்ந்தே கடந்துவிடுகிறது.

ஒப்பீட்டு அட்டவணையில் இல்லாத இரண்டு நிரல்கள்

மாதிரிகளை ஒப்பிடும் அட்டவணைகளில் வழக்கமாக இடம்பெறுவன: கூறுகளின் வகை, விதிகளின் வெளிப்பாட்டுத் திறன், கருவி ஆதரவு, அளவில் பெருகும்போது தாங்கும் தன்மை, கற்க எளிமை. இவற்றோடு இரண்டு நிரல்கள் சேர்க்கப்படவேண்டும். ஒரே தேர்வைக் கொண்ட இரு பொருள்கள் ஒத்திருக்கவேண்டுமா, வேறுபட்டிருக்கவேண்டுமா என்பதை இம்மாதிரி சொல்லுமா? வேறுபாடு தாளில் நிலைபெறுகிறதா, கருவிமுனையில் நிலைபெறுகிறதா என்பதைச் சொல்லுமா? முதல் வினாவுக்கு மேற்கண்ட ஐந்து முறைகளுள் எதுவும் தன்னியல்பில் விடை தருவதில்லை. இரண்டாவதற்கு ஒன்று மட்டும் ஓரளவு தருகிறது. பூட்டையும் நூலையும் ஒரே மாதிரியால் ஒரே விதமாக வரைந்துவிட முடிகிறது என்பதைச் சிலர் அம்மாதிரியின் பொதுமைக்குச் சான்றாகக் கொள்ளலாம். எதிரெதிரான இரு தேவைகளை வேறுபடுத்திக் காட்டாத பொதுமையைத் திறன் எனக் கொள்வது பொருந்தாது.

இது வெறும் வகைப்பாட்டுச் சிக்கலாக நின்றுவிடுவதில்லை. அலிகாரின் இயந்திர உற்பத்திப் பூட்டுகளோடு போட்டியிட இயலாமல் திண்டுக்கல் பட்டறைகள் குறைந்துவருவது பலரும் பேசும் செய்தி. தொழிலை மீட்கும் திட்டம் எதுவாயினும் அது முதலில் தொழிலை விவரிக்கும்; விவரிப்பு எந்த மாதிரியில் அமைகிறதோ அதுவே எந்த இயந்திரத்தை வாங்குவது, எந்தப் பயிற்சியை அளிப்பது என்பவற்றைத் தீர்மானிக்கும். ஐம்பது வகைகளின் மரத்தைக் கையில் வைத்திருப்பவர் ஐம்பது வகை உடல்களுக்கு அச்சு வாங்குவார். உடலை அச்சில் வெட்டுவதால் இழப்பொன்றும் இல்லை; உண்மையில் அது உழைப்பைக் குறைக்கும். ஆனால் அதே மரத்தில் லீவரும் ஒரு கணுவாக இருப்பதால் அதற்கும் அச்சு வாங்கப்படும். அப்போது ஆறு உயரம், 7,776 சாவி, கதவுப் பூட்டெனில் 216 சாவி என்னும் எல்லைக்குள் திண்டுக்கல் பூட்டு வந்துவிடும். அவ்வெல்லைக்குள் பெரிய ஆலைகள் ஏற்கெனவே மலிவாகச் செய்துகொண்டிருக்கின்றன.

மறுசாவி

சாவி தொலைந்த பூட்டு இவ்வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டும். அட்டவணை முறையில் செய்த பூட்டுக்கு ஓர் எண் உண்டு; அவ்வெண்ணை ஆலை பதிந்துவைத்திருந்தால் பூட்டைக் காணாமலே சாவியை வெட்டிவிடலாம். பதிவேட்டைப் பிறர் கண்டுவிட்டால் அவரும் வெட்டிவிடலாம். அரமுறைப் பூட்டுக்குப் பதிவேடு இல்லை. பூட்டைப் பிரித்து, லீவர்களை ஒவ்வொன்றாக உயர்த்தி, வெட்டுவாய் நேர்வரும் இடம் பார்த்து, வெற்றுச் சாவியைப் பல் பல்லாக அராவவேண்டும். அப்பூட்டைப் பற்றிய முழுத் தகவலும் அப்பூட்டுக்குள் மட்டுமே இருக்கிறது; அதனைப் படிக்கத் தெரிந்தவர் பட்டறையில் இருக்கிறார். மாறுதன்மை மாதிரி ஒன்று இத்தொழிலுக்கு உதவவேண்டுமாயின், அது ஆவணப்படுத்தவேண்டியது பற்களின் மதிப்புகளையன்று. அவை ஆவணத்தில் ஏறாமல் இருப்பதே பூட்டின் பயன். சாவியிலிருந்து லீவருக்கும் லீவரிலிருந்து சாவிக்கும் செல்லும் செயல்வரிசை, எந்த அரம், எந்தத் தடிமன் தகடு, வில்லின் அழுத்தம் எவ்வளவு, வெட்டுவாயில் எவ்வளவு இடைவெளி விட்டால் பூட்டு இறுகாமலும் தளராமலும் இயங்கும் என்பவையே எழுதப்படவேண்டியவை. இவற்றுள் ஒன்றுகூட ஐம்பது வகைகளின் பட்டியலில் இல்லை.